ஆரோக்கிய தேவிக்குத் தலைக்குத் தண்ணீர்

“இந்த வூடு இன்னாத்துக்குப்பா அழுவுது?”

பாலாற்றங்கரைத் தர்ம ஆஸ்பத்திரி வாசலில், தகப்பன் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தை ஒரு நாள் இப்படிக் கேட்டது. இந்த தேசத்துக் கலையின் சரித்திரமே அந்த நிமிஷத்தில்தான் திரும்பியது. அதற்கு முன்னாலும் கோபுரம் கட்டினார்கள், கல்லைக் குடைந்தார்கள், சுவரெல்லாம் சித்திரம் எழுதினார்கள். அதெல்லாம் ஒத்திகை. உண்மையான கலை, 1930-ஆம் வருஷத்துக்குச் சற்றுப் பின்னால், வைகாசி மாதத்தில் ஒரு மழை விட்ட காலையில் எங்கள் ஊரில்தான் பிறந்தது.

குழந்தை கேட்டதில் தப்பில்லை. ஆஸ்பத்திரி மாடியில் ஓட்டுக் கூரை. ஓடுகள் உடைந்து, மழைத் தண்ணீர் பெண்கள் வார்டுக்குள் சொட்டி, மிச்சம் நான்கு ஜன்னல் வழியாகவும் முகப்புச் சுவரில் இறங்கி, கன்னம் கன்னமாகக் கறுப்புக் கோடு போட்டிருந்தது.

சாதாரண ஊராக இருந்தால் ஒரு ஆளை மேலே ஏற்றி ஓட்டை மாற்றியிருப்பார்கள். எங்கள் ஊர் சாதாரண ஊரா? ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே, ரயிலில் கண்ணை மூடித் தூங்குகிறவனும் மூக்காலேயே அடையாளம் கண்டு மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்குகிற ஊர். தோலுக்குப் பேர்போன ஊர். குழந்தை கேட்ட சமயத்தில் வாசலில் வந்து இறங்கியவரும் சாதாரண மனிதர் அல்ல. ஸ்ரீமான் கோதண்டராமன்! தோல் பதனிடும் ‘ஷாப்பு’கள் பலவற்றுக்கு முதலாளி, ஆஸ்பத்திரிக் கமிட்டியின் அக்கிராசனர், ‘ராவ் சாகிப்’ பட்டம் எந்தத் தபாலில் வருமோ என்று தினமும் தபால்காரனை மரியாதையாக விசாரிக்கிறவர்.

அவருக்குக் குடை பிடித்து வந்தவன் காசிநாதன். ஷாப்பில் கணக்குப்பிள்ளை, கமிட்டியில் காரியதரிசி. பூஜை செய்யாமல் சாப்பிடமாட்டான், எறும்பை மிதிக்கமாட்டான். அவனிடம் இருந்த கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று: அழகாகத் தமிழ் எழுதுவான். எந்தக் காரியமும் அவன் எழுதி முடித்துவிட்டால் நல்ல காரியம்போலத் தோன்றும்.

“கேட்டியா காசி? கட்டடம் அழுவுதாம்!” என்றார் முதலாளி.

“ஆமாம் மொதலாளி. ஓடு மாத்திட்டா நின்னுடும்.”

“ஓடு மாத்துனா யாருக்குத் தெரியும்? காக்காய்க்குத் தெரியும். ஆடி மாசம் கலெக்டர் துரை வர்றாரு. அவரு கூரை மேல ஏறியா பாப்பாரு? மூஞ்சியைத்தானே பாப்பாரு! மூஞ்சியை மூடணும்பா.”

அந்த வாரமே, ஓட்டுக்காக ஊரில் திரட்டி வைத்திருந்த ‘கூரை நிதி’ தன் பெயரைக் ‘கலா நிதி’ என்று மாற்றிக்கொண்டது. கமிட்டியும் அவசரமாகக் கூடியது.

கூட்டத்துக்கு மண்டிக்கார கரீம் சாயபு வந்தார். பதனிடாத பச்சைத் தோல் வியாபாரத்தில் இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நிபுணர் என்ற முறையில் ஓவியர் அந்தோணியும் அழைக்கப்பட்டிருந்தார். ஆற்காட்டு நாடகக் கம்பெனிகளுக்குக் காடு, அரண்மனை, தெரு என்று படுதா எழுதுகிறவர். அவர் எழுதிய தெருவில் ஒரு முறை நிஜமாகவே ஒரு நாய் நுழையப் பார்த்ததாகப் பேச்சு.

“எவ்ளோ பெரிசு வேணும்?” என்றார் அந்தோணி.

“ஆஸ்பத்திரி எவ்ளோ பெரிசோ அவ்ளோ பெரிசு.”

“அத்தினி பெரிய துணி மெட்ராஸ்லகூடக் கிடைக்காதுங்களே.”

“துணியா!” முதலாளி மேஜையைத் தட்டினார். “நம்ம ஊர்ல துணி எதுக்கு ஓய்? பொறக்குற கொழந்தையே தோலோடதான் பொறக்குது!”

எல்லோரும் கை தட்டினார்கள். தோலையே தைத்துத் தைத்து, கூரை விளிம்பிலிருந்து வாசல் நிலை வரைக்கும் ஒரே சித்திரமாகத் தொங்கவிடுவது என்று தீர்மானமாயிற்று.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்லவேண்டும். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகிற தோல் சந்தன நிறமாக, பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் வெயில் பட்டால் சிவந்துபோகும். சிவக்காமல் இருக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முழுக்குப் போடவேண்டும். எங்கள் ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் இது தெரியும். ஆகவே கமிட்டிக்கும் தெரிந்திருந்தது.

“கடுக்காய் முழுக்குப் போடணுமே?” என்றார் கரீம் சாயபு.

“போடணும்,” என்றார் முதலாளி.

“யாரு போடுறது?”

கமிட்டி முழுவதும் கூரையைப் பார்த்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

“சீமைக்குப் போற தோலுக்குத்தான் பாய் கடுக்காய். சிவந்துச்சுன்னா வெள்ளக்காரன் கப்பல்லயே திருப்பி அனுப்புவான். தர்மத்துக்குக் குடுக்குற தோலை எவன் திருப்பி அனுப்பப் போறான்?” என்றார் முதலாளி.

“வாஸ்தவம்,” என்றார் சாயபு. “தானம் குடுத்த மாட்டையே பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குது. மாட்டுக்கே அப்படின்னா தோலுக்குக் கேக்கணுமா?”

அடுத்து, என்ன உருவம் எழுதுவது என்ற ஆழமான விவாதம். ‘ஆரோக்கிய தேவி’ என்று பெயர் வைத்தார்கள்.

“எந்த மதத்துச் சாமி மாதிரி இருக்கணும்?” என்று கேட்டார் அந்தோணி.

“எந்த மதத்தையும் சேராத மாதிரி.”

“அப்போ நாடகத்துல வர்ற ராஜகுமாரி மாதிரி போட்டுடறேன். அவங்களுக்கு மதம் கிடையாது.”

கரீம் சாயபு தொண்டையைக் கனைத்தார். “எங்க வழக்கத்துல உருவம் வெக்கிறதில்லீங்க. ஆனா ஆஸ்பத்திரி எல்லாருக்கும் பொது. தோல் நான் குடுக்குறேன். நீங்க வரைஞ்சுக்குங்க. நான் அந்தப் பக்கம் பாக்காம போய்க்கிறேன்.” அவர் மண்டி ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே. அதற்குப் பிறகு மழையில்லாத நாளிலும் மனிதர் குடையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடிதான் நடந்தார்.

இந்தச் சமயத்தில் நர்ஸ் ஜெயபுஷ்பம் உள்ளே வந்தாள். மாடியில் பெண்கள் வார்டைப் பார்த்துக்கொள்கிறவள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

“முகப்பு முழுக்க மூடுறீங்களாமே. எங்க வார்டு ஜன்னல் நாலும் அங்கதான் சார் இருக்குது.”

“ஜன்னல் எதுக்கும்மா?” என்றார் முதலாளி அன்பாக. “வெளியே பாக்க. வெளியே பாக்க இன்னா இருக்குது? பாயோட தோல் மண்டி.”

“பாக்க இல்ல சார். காத்துக்கு.”

“அந்தக் காத்து என் ஷாப்புலேருந்துதான் வருது. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? மூடுறதே புண்ணியம்.”

காசிநாதன் பேனாவை மையில் தோய்த்தான். ‘நோயாளிகளை வெளியுலகக் கவலைகளிலிருந்து காக்கும் பொருட்டு, மேற்படி ஜன்னல்கள் நான்கும் தேவியின் திருமேனியால் அன்புடன் அரவணைக்கப்படும்’ என்று எழுதி வாசித்தான்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. “காசி! இதைக் கேட்டா எனக்கே அங்க போய்ப் படுத்துக்கணும்போல இருக்குதுப்பா.”

படுக்கவில்லை. அது வேறு விஷயம்.

ஆனி பிறந்ததிலிருந்து ஊரே கலையில் மூழ்கியது. சாரம் கட்டினார்கள். பனஞ்சட்டத்தில் தோலை இழுத்து ஆணி அடித்தார்கள். அந்தோணி கயிற்றில் தொங்கிக்கொண்டே எழுதினார். கிரீடத்துக்கும் பட்டுப் புடவைக்கும் வர்ணத்தை வாரி இறைத்துவிட்டதால், முகத்துக்கும் கைக்கும் வரும்போது டப்பா காலி. “தோலோட நெறமே தேவியோட நெறம். அது மேல பூசுறது பாவம்,” என்று அறிவித்து, கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் எழுதினார். மேலே கொஞ்சம் வெள்ளைச் சுண்ணாம்பு தடவி முத்துப்போலப் பளபளப்புக் கொடுத்தார். மூக்குத்தி ஒன்றே ஒரு முறம் அகலம்.

மழை பெய்தால் தேவி நனைவாளே! கமிட்டிக்குத் தூக்கம் வரவில்லை. உடனே தேவியின் தலைக்கு மேலே மட்டும் புத்தம் புதிய தகரத்தில் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். அதற்கு ஒரு அடி பின்னால் நோயாளிகள் மேல் மழை வழக்கம்போல் சொட்டிக்கொண்டிருந்தது. கலைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

எல்லாம் ஆகி ஒரு வாரம் போயிருக்கும். காசிநாதனின் மனைவி சுந்தரிக்கு மூச்சிளைப்பு கண்டது. பழைய வியாதிதான், ஆனால் இந்தத் தடவை உட்கார்ந்தாலும் நிற்கவில்லை, படுத்தால் இன்னும் இழுக்கிறது. வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

“காத்தோட்டமான எடம்தான் இதுக்கு முதல் மருந்து,” என்றார் டாக்டர். சொல்லிவிட்டு மாடியை நினைத்துக்கொண்டார்போல, சீட்டில் வேறு மருந்து எழுத ஆரம்பித்தார்.

“வாங்க காரியதரிசி சார்,” என்றாள் ஜெயபுஷ்பம். “காலியா இருக்குறது ஒரு கட்டில்தான். உங்க தேவியோட மூக்குக்கு நேர் பின்னாடி.”

பட்டப்பகலில் வார்டில் விளக்கு எரிந்தது. ஜன்னல் இருந்த இடமெல்லாம் தோலின் உள்பக்கம், தையல் தையலாக, ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் வயிற்றுக்குள் புகுந்ததுபோல. காசிநாதன் தான் எழுதிய ‘அரவணைப்பை’ அன்றுதான் உள்பக்கத்திலிருந்து பார்த்தான்.

மறுநாள் வந்தபோது சுந்தரி அந்தக் கட்டிலில் இல்லை. மாடிப்படிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். வார்டில் கொஞ்சம் காற்று வருகிற இடம் அது ஒன்றுதான். காரியதரிசியின் மனைவி என்று இடம் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். பதவிக்கு ஒரு மரியாதை இருக்கிறதே என்று மனசுக்குள் திருப்திப்பட்டும் கொண்டான்.

ஆனாலும் அந்தக் காற்று போதவில்லை. “இன்னாங்க,” என்றாள் சுந்தரி, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சைத் தேடித் தேடி. “ஒரே ஒரு ஜன்னல்… தொறக்கச் சொல்லுங்களேன். நீங்கதானே… கமிட்டி.”

கமிட்டி மறுபடி கூடியது. தேவியின் உடம்பில் எந்த இடத்தில் ஓட்டை போடலாம் என்பது பொருள்.

“மூக்குல போடலாம்,” என்றார் கரீம் சாயபு. “மூச்சு வர்ற வழிதானே?”

“மூக்குல போட்டா மூக்குத்தி எங்க நிக்கும்?” என்றார் அந்தோணி.

“அப்போ வாயில.”

“வாய் தொறந்த தேவி ராட்சசி மாதிரி ஆயிடுவா.”

“காது?”

“காதுக்குப் பின்னாடி ஜன்னலே இல்லீங்க. செவுருதான்.”

முதலாளி பெருமூச்சு விட்டார். மூச்சுக்கு அவருக்கு ஒரு குறையும் இல்லை. “காசி, உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? கலெக்டர் வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் உன் சம்சாரத்தைக் கொஞ்சம் மெதுவா மூச்சு விடச் சொல்லு.”

பழக்கதோஷம்! காசிநாதனின் கை தானாகவே எழுதியது: ‘மூச்சு விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.’ எழுதிவிட்டுப் பார்த்தான். எவ்வளவு சுத்தமான வாக்கியம்! ஒரு எழுத்துப்பிழை இல்லை. படக்கென்று நோட்டை மூடினான்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. காலையெல்லாம் சுள்ளென்று வெயில். கடுக்காய் காணாத தோல் தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. சந்தன நிறமாக இருந்த தேவியின் முகம் முதலில் ரோஜாவாயிற்று, பிறகு செம்பாயிற்று. ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு வேப்பமரம். அதன் நிழல் விழுந்த இடம் வெளுப்பாக நிற்க, இலைச் சந்துகளில் வெயில் புகுந்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகச் சிவந்தது. கன்னத்தில் பொட்டு, நெற்றியில் பொட்டு, கையெல்லாம் பொட்டு.

“ஒண்ணுமில்ல,” என்றார் முதலாளி. “கலெக்டர் வர்றாருன்னு தேவிக்கு வெக்கம்.”

ஆனால் சந்தைக்குக் கீரை கொண்டுபோன கோவிந்தம்மாள் ஆஸ்பத்திரியை நிமிர்ந்து பார்த்தாள். கூடையை இறக்கினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அடியேய்! ஆஸ்பத்திரிக்கு அம்மா வந்திருக்காடீ!”

ஆடி மாசம், முகமெல்லாம் முத்து, எதிரில் வேப்பமரம். வேறு சாட்சி எதற்கு? மத்தியானத்துக்குள் வாசலில் வேப்பிலைத் தோரணம் ஏறிவிட்டது. மஞ்சள் புடவைகள் வந்தன. கூழ்ப்பானைகள் வந்தன. அம்மை கண்ட வீட்டில் என்ன நடக்கக்கூடாதோ அதெல்லாம் ஆஸ்பத்திரியில் நடக்கக்கூடாது என்று தடையும் வந்தது. சமையலில் தாளிக்கக் கூடாது. செருப்போடு நுழையக் கூடாது. முக்கியமாக, மருந்து கூடவே கூடாது.

“அம்மா, இது கட்டடம்!” என்று டாக்டர் கெஞ்சினார். “கட்டடத்துக்கு அம்மை வராது!”

“வந்திருக்குதே ஐயா, பாருங்க,” என்றாள் கோவிந்தம்மாள். டாக்டர் பார்த்தார். வந்துதான் இருந்தது.

மருந்தே இல்லாத ஆஸ்பத்திரி என்பது அதுவரை எந்த தேசமும் அடையாத நிலை. இத்தனை கூட்டம் எந்தப் பொதுக்கூட்டத்துக்கும் கூடியதில்லை என்று கண்ட முதலாளி, வெட்கக் கொள்கையைக் கைவிட்டார். “கலை மக்கள்கிட்ட போய்ச் சேந்துடுச்சு காசி! எழுது!” என்றார்.

காசிநாதன் எழுதவில்லை. மாடியில் இருந்தான். ஜெயபுஷ்பம் மருந்துச் சீசாவை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, “தீர்த்தம்மா, தீர்த்தம்,” என்று ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டிருந்தாள். கிறிஸ்தவப் பெண். பொய் சொன்னதற்காக ஆண்டவரிடம் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டாள். அவர் கணக்கில் வைத்திருக்கமாட்டார் என்பது என் நம்பிக்கை.

கலெக்டர் வருகிற நாளும் வந்தது. காலையிலேயே பெண்கள் தேவியின் காலடியில் சாம்பிராணியும் பச்சை வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டினார்கள். அதுதான் வினையாயிற்று. தோலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளி புகைபோக்கிபோல வேலை செய்தது. புகை முழுவதும் மேலே ஏறி, நான்கு ஜன்னல் வழியாகவும் பெண்கள் வார்டுக்குள் புகுந்தது.

சுந்தரி எழுந்து உட்கார்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தபடி இருந்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. காசிநாதனின் கையைப் பிடித்தவள், பிடியை விட்டுக் காற்றைப் பிடிக்கப் பார்த்தாள்.

“சார்,” என்றாள் ஜெயபுஷ்பம், விசிறிக்கொண்டே. “கமிட்டியைக் கூட்ட நேரமில்ல சார்.”

அவன் படிக்கட்டில் இறங்கவில்லை, விழுந்தான் என்றே சொல்லவேண்டும். எழுந்து வாசலுக்கு வந்து, கூட்டத்துக்கு நடுவே நின்றான். ‘பெரியோர்களே, தாய்மார்களே’ எல்லாம் மறந்துபோய்விட்டது.

“ஏம்மா, அம்மா வந்த வூட்ல, அம்மா எறங்கறதுக்கு இன்னா செய்வோம்?”

“தலைக்குத் தண்ணி ஊத்துவோம்!” என்றது கூட்டம்.

“அப்போ ஊத்தலாமா?”

“முத்து காஞ்சிருக்குதா பாரு மொதல்ல,” என்றாள் கோவிந்தம்மாள், வைத்தியச்சிபோல. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தோணி தடவிய சுண்ணாம்பு வெயிலில் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

“உதிருதுடீ! பொருக்கு உதிருது! ஊத்தலாம்!”

ஆணி அடித்து இழுத்துக் கட்டின தோல், தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று தோல் ஷாப்புக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். வேலை போகும் என்பதும் தெரியும். ‘தாயே, நான் பொய் சொல்லலே. வழக்கத்தைத்தான் சொன்னேன். நீயும் குளிரு, அவளும் குளிரட்டும்,’ என்று மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, முதல் குடத்தைத் தானே தூக்கினான்.

பக்கத்தில் கிணறு வேண்டுமே! எதிர் மண்டியில் கரீம் சாயபு குடையைச் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தார். “தண்ணிதானே? என் கிணத்துல எடுத்துக்குங்க. பேஜாரே வேணாம். நான் பாக்கலே.”

குடங்கள் கை மாறிக் கை மாறி ஏணியில் ஏறின. தகரச் சாய்ப்பைப் பெயர்த்துத் தள்ளினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் தேவியின் உச்சியில் இறங்கியது. குலவைச் சத்தம் ஊரைத் தூக்கியது. அதே சமயத்தில் தெருக்கோடியில் பாண்டு வாத்தியமும் கேட்டது. கலெக்டர் துரையின் மோட்டார்!

முதலாளி சரிகைத் தலைப்பாகையோடு வாசற்படியில் நின்று, காசிநாதன் எழுதிக்கொடுத்த வரவேற்புப் பத்திரத்தை விரித்தார். “மேன்மை தங்கிய…” என்று தொடங்கினார். மேலே தேவியின் கிரீடம் உப்பியது. கன்னம் தொங்கியது. முகவாய் நெஞ்சில் இறங்கியது. பட், பட், பட் என்று ஆணிகள் தெறித்தன. பிறகு ஆரோக்கிய தேவி, கலெக்டர் துரையை நோக்கி மெதுவாக, மிக மரியாதையாக, இடுப்பு வரைக்கும் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே மடிந்து மடிந்து முதலாளியின் மேல் போர்வையாக விழுந்தாள்.

மேலே நான்கு ஜன்னல்களும் திறந்து கிடந்தன. புகை குபுகுபுவென்று வெளியேறியது. அதற்குப் பின்னால், ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள், தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்து இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோல் ஷாப்புக் காற்றுதான். அமிர்தம்போல இருந்தது அவர்களுக்கு.

கலெக்டர் தொப்பியைக் கழற்றினார். விழுந்தது திரை, திறந்தது ஆஸ்பத்திரி, இதுதான் திறப்பு விழா என்று அவர் நினைத்துக்கொண்டார். “பேஷ்! இத்தனை ஜன்னல்! இத்தனை காற்றோட்டம்! நோயாளிகளின் நலனில் இவ்வளவு அக்கறையுள்ள கமிட்டியை இந்த ஜில்லாவில் நான் கண்டதில்லை!” என்றார். தாசில்தார் மொழிபெயர்த்தார்.

தோலுக்கு அடியிலிருந்து முதலாளியின் குரல் வந்தது: “எல்லாம் கமிட்டியோட திட்டம் துரையே!”

காசிநாதன் இதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. மாடிக்கு ஓடினான். கதவோரக் கட்டிலில் சுந்தரி கண்ணை மூடியிருந்தாள். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. “வெளிச்சம் வந்திருக்குதுங்க,” என்றாள்.

வெளிச்சம் வந்துதான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் மற்றொன்றும் தெரிந்தது. மூக்குத்திக்குப் பின்னால் இருந்த அந்த முதல் கட்டிலில் ஒருத்தி கோணியைப் போர்த்திக்கொண்டு, தலை முதல் கால் வரை மஞ்சள் தண்ணீரில் நனைந்து கிடந்தாள். உச்சியில் ஊற்றிய தண்ணீர் உடைந்த ஓடுகளின் வழியாக இன்னும் அவள் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் இழுக்கிற எல்லம்மா. கால் வெடித்துப் புண்ணாகிப் படுத்திருந்தாள்.

“அம்மாவுக்கு ஊத்துனதுல பாதி எனக்குத்தான் கணக்கப்புள்ள,” என்று சிரித்தாள். “எனக்கு இன்னா, முத்தா போட்டுச்சு?”

“இது உங்க வூட்டம்மாவுக்குக் குடுத்த கட்டில் சார்,” என்றாள் ஜெயபுஷ்பம் மெதுவாக. “கதவோரம் இவங்க எடம். உங்க வூட்டம்மா வந்த அன்னிக்கே மாத்திக்கிட்டாங்க. யாரும் கேக்கலே சார், அவங்களா குடுத்தது.”

காசிநாதன் அந்த ஈரக் கட்டிலைப் பார்த்தான். ‘பதவிக்கு மரியாதை’ என்று தான் நினைத்தது ஞாபகம் வந்தது; தலையைக் குனிந்துகொண்டான்.

“நீ ஏன் இப்படிக் குறுகிப் போய் நிக்கிறே?” என்றாள் எல்லம்மா. “நாள் பூரா தண்ணியில நிக்கிற ஒடம்பு இது. சொட்டினாத்தான் எனக்குத் தூக்கமே வருது.”

அவன் நிமிர்ந்து கூரையில் உடைந்த ஓடுகளை எண்ணினான்.

கமிட்டியிடம் கூரையைப் பற்றிக் கேட்டான். “காசி, உனக்குப் புத்தி கெட்டுடுச்சா?” என்றார் முதலாளி. கலெக்டரின் பாராட்டில் அவனை வேலையை விட்டு நீக்க மறந்திருந்தார். “துரையே பாத்துப் புகழ்ந்த கட்டடம். அதுல ஒரு ஓட்டைத் தொட்டாலும் துரையை அவமானம் பண்ண மாதிரி. கூரைக்குப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு எழுது.”

எழுதினான். ஊர் அறிய, சட்டபூர்வமாக.

சுந்தரி குணமாகி வீட்டுக்கு வந்தாள். ஆவணியில் முதலாளிக்கு ‘ராவ் சாகிப்’ பட்டம் வந்தது, நோயாளிகளுக்குக் காற்று அளித்த சேவைக்காக. ஷாப்பு மைதானத்தில் பந்தல், பாண்டு, இனிப்புக்கு மக்கன் பேடா. ஊரே திரண்டுவிட்டது. வார்டில் நடக்க முடிந்தவர்களெல்லாம் கீழ் வாசலுக்குப் போய்ப் பாண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடக்க முடியாத எல்லம்மா மட்டும் மாடியில். வாழ்த்துப் பத்திரம் வாசிக்கவேண்டிய காரியதரிசி, வயிற்று வலி என்று பத்திரத்தைச் சேவகனிடம் கொடுத்தனுப்பிவிட்டான்.

அவன் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிக்கொண்டிருந்தான். முதுகில் ஒரு கூடை. தன் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து பிரித்தெடுத்த ஓடுகள். அந்த வேலை அவனுக்குத் தெரியாது. உயரம் என்றால் பயம் வேறு. சிவ சிவா என்று சொல்லிக்கொண்டே குரங்குபோலத் தவழ்ந்து, உடைந்ததை உருவி எடுத்து, நல்லதைச் செருகி, சாந்து பூசினான். ஒரு ஓடு மாற்றினான், மற்றொன்று மாற்றினான். விரல் நசுங்கியது. எல்லம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே கடைசியாக மிச்சமிருந்த ஓட்டையை மூடுகிற சமயத்தில் கால் வழுக்கி, ஓடு சரக்கென்றது.

“யாரு மேல?” கீழேயிருந்து எல்லம்மாவின் குரல். “ஆளா? பூனையா?”

காசிநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மைதானத்தில் அவன் எழுதிய வாழ்த்தை யாரோ வாசிக்க, ஊர் கை தட்டுவது காற்றில் வந்தது. அவன் ஓட்டின்மேல் கவிழ்ந்து படுத்து, வாயைக் கையால் குவித்துக்கொண்டு, “மியாவ்” என்றான்.

“பூனைதான்,” என்று எல்லம்மா திரும்பிப் படுத்தாள்.

அந்த ஆஸ்பத்திரிக் கமிட்டி அதன் புகழ்மிக்க வாழ்நாளில் எத்தனையோ அறிக்கைகள் வெளியிட்டது. அவற்றில் ஒரு நோயாளிக்கு நன்மை செய்த அறிக்கை, காரியதரிசி கூரைமேலிருந்து சொன்ன அந்த ‘மியாவ்’ ஒன்றுதான்.